மழையும் பதிவேடுகளும் குறைந்த வறண்ட பகுதியில் ஆற்று வெள்ள அபாய வரைபடம் தயாரிக்க முடியுமா? அதனால் சேதம் குறையுமா?

இரண்டுமே முடியும், ஆனால் ஆற்றை மட்டும் வரைந்தால் அந்த வரைபடம் இராமநாதபுரம் சீமைக்கு உதவாது. சாயல்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்து, நில அளவைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இங்கே ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். வெள்ளமோ ஒரு கண்மாயின் (ஏரியின்) மறுகால், அதாவது நிறைந்து மிஞ்சிய நீர் வெளியேறும் கால்வாய், அடுத்த கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலாக அமைந்த சங்கிலி வழியே வருகிறது. மேலே ஒரு கரை உடைந்தால் கீழுள்ளவையும் அடுத்தடுத்து உடையக்கூடும். வைகையே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கி, மிஞ்சிய நீரைத்தான் ஆற்றங்கரை ஊரருகே கடலுக்கு விடுகிறது. ஆகவே வரைய வேண்டியது அந்தச் சங்கிலியைத்தான்.

அதற்கு முதல் தேவை தரைமட்டம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்டு, இன்று இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் பல மீட்டர் பிழை இருக்கலாம்; அடர்ந்த சீமைக்கருவேலங் காட்டின் தலையையும் ஓரளவு தரை என்றே அது எடுத்துக்கொள்ளும். மலை நாட்டில் பொறுக்கலாம். கண்மாய்க் கரையே ஓரிரு ஆள் உயரம் இருக்கும் நம் சமவெளியில் அதை அப்படியே நம்பினால், வரைபடத்தில் தண்ணீர் மேட்டுத்தெருவில் ஏறிப் பள்ளத்தெருவை விட்டுவிடும். கரை, கலுங்கு (கண்மாய் நிறைந்ததும் மிகுநீர் வழிந்தோடும் கட்டுமானம்), தரைப்பாலம், தெருமுனை ஆகிய இடங்களிலாவது கருவி வைத்து மட்டம் எடுத்தே ஆக வேண்டும்.

2014 முதல் படமெடுக்கும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்ப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அறிய நல்ல துணை. எனினும் காய்ந்து வழவழப்பாகக் கிடக்கும் மணற்பரப்பும் அதில் தண்ணீரைப் போலக் கறுப்பாகத் தெரியும். கருவேலங்காட்டுக்குள் நிற்கும் தண்ணீர் தெரியாமலே போகலாம். கோடைப் படத்தோடு ஒப்பிட்டு, எப்போதும் கறுப்பாக இருப்பதைக் கழித்துவிடுவது அவசியம்.

ஓடும் நீரை அளக்க அளவுமானி இல்லை என்று நாம் வருந்துகிறோம். ஒவ்வொரு கலுங்கும் ஓர் அளவுமானிதான். ஒரு கண்மாயில் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர், “கலுங்கு மேல ஒரு சாண் போனா பயமில்ல தம்பி. ரெண்டு சாண் போச்சுன்னா தெக்குத்தெருவுல ஆடு மாட்ட அவுத்து விட்டுரணும்” என்றார். கலுங்கின் நீளத்தையும், அதன்மேல் ஓடும் நீரின் உயரத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்திய எண்ணையும் மீட்டரில் கொண்டு பெருக்கி, மேலும் 1.7ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கனமீட்டர் வழிகிறது என்று ஏறத்தாழத் தெரியும். 20 மீட்டர் கலுங்கில் ஒரு சாணுக்கு, அதாவது 23 சென்டிமீட்டருக்கு, 4 கனமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இரண்டு சாணுக்கு 10ஐத் தாண்டுகிறது. பெரியவரின் எச்சரிக்கைக்குள் இருந்த கணக்கு இதுதான். அதே தெற்குத்தெருவில் ஓர் அம்மா, நெல் குலுக்கையின் மண்சுவரில் கையை வைத்து, “இந்தா, இதுவரைக்கும் நனைஞ்சு உள்ள இருந்த நெல்லு முளைச்சுப்போச்சு” என்று காட்டினார். அவர் கை நின்ற இடத்தின் மட்டத்தை எடுத்தேன். இத்தகைய இருபது அடையாளங்கள் கிடைத்தால், கணினி வரைந்த எல்லையைச் சரிபார்த்துத் திருத்திவிடலாம்.

நூறாண்டு வெள்ளம் என்பது ஓராண்டில் நேர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம். அதைச் சில ஆண்டு மழைப் பதிவிலிருந்து நீட்டிக் கணக்கிடுவதை நான் நம்புவதில்லை. அண்டை ஊரில் உண்மையாகப் பெய்ததை நம் நீர்ப்பிடிப்பில் வைத்துப் பார்ப்பதே மேல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, நம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியே 80 செ.மீ. சொச்சம்தான். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் பெய்தது 40 செ.மீ.க்கு மேல்.

சேதத்தைக் குறைப்பதில் நம் பெரிய இடையூறு வறட்சியின் பயம். தண்ணீர் வீணாகக் கூடாதென்று கலுங்கில் பலகையும் மணல் மூட்டையும் வைத்து அடைக்கிறோம். அந்தத் தவிப்பு எனக்குப் புரியும், எங்கள் வயலும் கடைமடைதான். ஆனால் வழிய விடாத கலுங்கு கரையை உடைக்கும், உடைந்த கண்மாயில் அடுத்த மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூட மிஞ்சாது. கூடுதல் நீர் வேண்டுமென்றால் சித்திரையில் கண்மாயின் உள்வாயை, அதாவது நீர் தேங்கும் உட்பரப்பைத் தூர்வார வேண்டும். மறுகாலில் முளைத்த சீமைக்கருவேலத்தைப் புரட்டாசிக்குள் வேரோடு எடுக்க வேண்டும். மறுகால் பாதையில் வீட்டுமனை போட விடக்கூடாது.

71 அடி உயர வைகை அணையில் 66, 68.5, 69 அடிகளில் மூன்று எச்சரிக்கைகள் விடுகிறார்கள். அதே முறையைக் கண்மாய்க்கும் கொண்டுவரலாம். கலுங்குச் சுவரில் ஒரு சாணுக்கு மஞ்சளும் இரண்டு சாணுக்குச் சிவப்பும் தீட்டி, மஞ்சளைத் தொட்டதும் கீழ் ஊருக்குப் போன் செய்ய இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று ஊர்க்கூட்டத்தில் பெயர் குறித்துவிட்டால் போதும். அதற்கு ஒரு டப்பா பெயிண்டுக்கு மேல் செலவில்லை.