வீட்டுக் கணக்கில் உங்கள் பங்கு

வணக்கம்.

நான் கொளத்தூரில் வசிக்கிறேன். பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு மூன்று வயது. கணவரின் சம்பளத்தில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாம் போக மாசக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. "வீட்டில் சும்மாதானே இருக்கே, ஏதாவது செய்யக் கூடாதா?" என்கிறார் மாமியார். தெரிந்தவர் ஒருவர், வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்யலாம், முதலில் 6,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார். தோழி ஒருத்தி இட்லி மாவு விற்கலாம் என்கிறாள். குடும்பத்துக்கு நான் எப்படி உதவுவது?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 6,000 ரூபாயைக் கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர்தான் நமக்குக் காசு தர வேண்டும். டெபாசிட், ட்ரெயினிங், ரெஜிஸ்ட்ரேஷன் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். ஒருவேளை ஆன்லைனில் அனுப்பிவிட்டிருந்தால், இன்றே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

எப்படி உதவுவது என்று கேட்கிறீர்கள். ஏற்கெனவே உதவிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. அவர் வீட்டைச் சுமந்ததால்தான் இவர் சம்பாதிக்க முடிந்தது என்பதே அதன் அடிப்படை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குக் கொடுத்தார்கள், அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. இதையெல்லாம் மாமியாரிடம் நீங்கள் போய் வாதாட வேண்டாம். தன் அம்மாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர்.

சரி, கையில் பணம் வர வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். மாவு வியாபாரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதில் குடும்பத்தையே நிமிர்த்திய பெண்கள் சென்னையில் உண்டு. ஆனால் உங்கள் தெருவில் எத்தனை கடைகளில் மாவு பாக்கெட் தொங்குகிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். உளுந்து விலை ஏறும், பக்கத்துக் கடைக்காரர் ஏற்றும்வரை உங்கள் பாக்கெட் விலையை ஏற்ற முடியாது. சித்திரை வெயிலில் விற்காத மாவு மறுநாளைக்குள் புளித்துவிடும். அரிசி, உளுந்து, கவர், கரன்ட் எல்லாம் எழுதுபவர்கள், கழுவி அரைத்து அள்ளி வைக்கும் தங்கள் நேரத்துக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடப் போடுவதில்லை. அதையும் போட்ட பிறகு லாபம் நின்றால் இறங்குங்கள். அப்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

எனக்கென்னவோ, உங்களிடம் இருக்கும் கைத்தொழிலை நீங்களே மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. உங்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும். உங்கள் பகுதியிலேயே வண்ண மீன் கடைகள், மருந்துக் கடைகள், ஹார்டுவேர் கடைகள் என்று எத்தனையோ சிறு வியாபாரிகள் பில்லை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு மாசம் பிறந்தால் திண்டாடுகிறார்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள், வரிக் கணக்கு 20-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். தேதி முன்கூட்டியே தெரிந்த வேலை என்பதால், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட முன்னே பின்னே தள்ளிச் செய்யலாம். இரண்டு கடையோடு ஆரம்பியுங்கள். மாசம் இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தெரிந்தவர் என்பதற்காக இலவசமாகச் செய்யாதீர்கள். சின்னவனைப் பால்வாடிக்கு அனுப்பினால் காலையில் சில மணி நேரம் கிடைக்கும்.

வருகிற பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கிவிட வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். அப்புறம் கரன்ட் பில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். ஏசி ஓடும் மாதங்களில் மீட்டரை நடுநடுவே பாருங்கள்.

நாளைக்கே பழைய ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஜூலை நெருங்கினால் வருமான வரித் தாக்கல் வேலை அவர்களுக்குக் குவிந்துவிடும், பழகிய ஆள் கிடைத்தால் விட மாட்டார்கள். வீட்டிலிருந்தே செய்து தருகிறேன் என்று தயங்காமல் கேளுங்கள்.