பல நாடகப் பாட்டுகள், ஒரே கச்சேரி: கேள்வி பதில்

அமெச்சூர் இசை நாடகக் (மியூசிக்கல்) குழுக்களில் பல வருடம் பாடியிருக்கிறேன், பாடவும் வைத்திருக்கிறேன். முழு நாடகம் போடாமல், நாடகப் பாட்டுகளை மட்டும் தொகுத்துக் கச்சேரி செய்யப்போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

கேள்வி: பாட்டு மட்டும்தானே பாடுகிறோம், அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். ஆனால் யாரிடம் என்பது நீங்கள் பாடும் விதத்தைப் பொறுத்தது. வெவ்வேறு நாடகங்களிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எடுத்து, வேஷம், வசனம், கதை எதுவும் சேர்க்காமல் பாடினால் பெரும்பாலும் அது சாதாரணக் கச்சேரிக் கணக்கில் வரும். பிரிட்டனில் பிஆர்எஸ், அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற, பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் செயல்படும் அமைப்புகள் அதற்கு உரிமம் தருகின்றன. அரங்கமே அதை வாங்கி வைத்திருக்கலாம், முதலில் அங்கே விசாரியுங்கள். வேஷமும் வசனமும் நுழைந்துவிட்டால் அது நாடக உரிமை. அதை நாடகத்தின் உரிமையாளரிடம்தான் எழுதிக் கேட்க வேண்டும். ஒரே நாடகத்திலிருந்து நாலைந்து பாட்டு எடுத்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

கையில் பணம் குறைவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இசை நாடக ஜோடியான கில்பர்ட் (பாட்டு, வசனம்), சல்லிவன் (இசை) இருவரின் நாடகங்களைப் பாருங்கள். சல்லிவன் 1900இலும் கில்பர்ட் 1911இலும் இறந்துவிட்டார்கள். மூலப் பாட்டுக்கும் இசைக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது. பிற்காலத்தில் வேறொருவர் மாற்றி அமைத்த இசை வடிவத்துக்கு மட்டும் தனி உரிமை இருக்கக்கூடும்.

கேள்வி: எல்லோரும் உருக்கமான பாட்டையே கேட்கிறார்கள். வரிசை எப்படிப் போடுவது?

தனியாகப் பாடக் கிடைத்தால் யாருக்குமே உருகத்தான் தோன்றும். இரண்டு உருக்கப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள், இரண்டாவது எடுபடாது. நடுவில் கோரஸோ வேடிக்கைப் பாட்டோ வரட்டும். நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் 'பதினொரு மணிப் பாட்டு' என்று ஒரு வழக்கு உண்டு. அந்தக் காலத்தில் நாடகம் இரவு எட்டரைக்குத் தொடங்கும். பதினொரு மணி வாக்கில், முடிவு நெருங்கும்போது, முக்கியப் பாத்திரம் உயிரைக் கொடுத்துப் பாடும் பாட்டுக்கு அந்தப் பெயர். உங்கள் குழுவின் மிகப் பலமான குரலைக் கடைசிக்கு முந்தின இடத்தில் வையுங்கள். கடைசிப் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடட்டும்.

கேள்வி: செட் கிடையாது, நடிப்பு கிடையாது. பாடும்போது கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கை தடுமாறினால் கோளாறு கையில் இல்லை, யாரிடம் பாடுகிறோம் என்று முடிவாகவில்லை என்று அர்த்தம். நாடகப் பாட்டு எதை எடுத்தாலும், பேச்சுப் போதாமல் போன இடத்தில் பிறந்ததாக இருக்கும். அதனால் முதலில் மெட்டை விட்டுவிட்டு வரிகளை வசனமாகப் பேசிப் பாருங்கள். இந்த ஆள் யார், எதிரே நிற்பது யார், சற்று முன் என்ன நடந்தது, இப்போது என்ன வேண்டும்? நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அம்மா பாட ஆரம்பித்தாலே இரண்டு கையையும் விரித்துவிடுவார். மகனை வழியனுப்பும் பாட்டு ஒன்று அவருக்கு வந்தது. "வாசலில் நிற்கிறான், செருப்பு மாட்டிவிட்டான், அவனிடம் சொல்லுங்கள்" என்றேன். கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் ஒத்திகை அறையில் யாரும் பேசவில்லை.

கேள்வி: மேல் ஸ்வரம் எட்டவில்லை. சுருதியை இறக்கினால் தப்பா?

தப்பே இல்லை. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் பியானோ வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிந்தவரை டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) போட்டுப் பாடாதீர்கள். நீங்கள் மூச்சு எடுக்கும்வரை பியானோக்காரர் காத்திருப்பார், டிராக் காத்திருக்காது.

கேள்வி: பாட்டுக்கு நடுவே எவ்வளவு பேசலாம்?

இரண்டு வாக்கியம். பாடும் பாத்திரம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று சொன்னால் போதும், கதை முழுவதையும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: எனக்கு 52 வயது. நோட்ஸ் (எழுதிய இசைக் குறிப்பு) படிக்கத் தெரியாது. கோரஸில் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். கோரஸில் உங்கள் குரலுக்கு வரும் பாகத்தை மட்டும் பியானோக்காரரைத் தனியாக வாசிக்கச் சொல்லி போனில் பதிந்துகொண்டு தினமும் கேளுங்கள். அதே பாகத்தை உறுதியாகப் பாடுகிறவர் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு மூன்று ஒத்திகைக்குள் காது பழகிவிடும். அப்புறம், முதல் நாளே ஒரு பென்சில் எடுத்துப் போங்கள். மூச்சு எடுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள அது வேண்டும்.