அதிகப் புள்ளி எடுப்பவரை வெளியே உட்கார வைக்கலாமா?

கேள்வி: கல்லூரி ஒன்றின் ஆடவர் கூடைப்பந்து அணிக்கு இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சியளித்து வருகிறேன். அணியில் அதிகப் புள்ளி எடுக்கும் வீரர் பயிற்சிக்குத் தாமதமாக வருகிறார். பந்தைப் பிறருக்குத் தருவதில்லை. தடுப்பாட்டத்தில் ஓடுவதும் இல்லை. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவரை உட்கார வைத்தால் தோற்போம், தோற்றால் நிர்வாகம் என்னைக் கேட்கும். பயிற்சியில் நான் கத்துவதுதான் கூடிக்கொண்டே போகிறது. இந்தத் தொழில் எனக்கு ஒத்துவருமா என்றே ஐயம் வந்துவிட்டது.

பதில்: உட்கார வைக்கலாம். ஆனால் என்ன செய்தால் உட்கார நேரும் என்பது அவருக்கும் அணிக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே கோபத்தில் எடுக்கும் முடிவைத் தண்டனை என்றே வீரர்கள் எடுத்துக்கொள்வார்கள். தாமதமாக வருபவர் அடுத்த ஆட்டத்தின் தொடக்க ஐவரில் இருக்கமாட்டார் என்று முதல் வாரமே அறிவித்துவிட்டு, அதை முதலில் ஒரு மாற்று வீரரிடமும் பிறகு இவரிடமும் ஒரே முகத்தோடு நடைமுறைப்படுத்தினால், முணுமுணுப்பு பாதியாவது அடங்கும்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியைப் பத்து முறை தேசிய வாகையர் ஆக்கிய பயிற்சியாளர் ஜான் வுடனிடம், அவருடைய தலைசிறந்த வீரரான பில் வால்டன் முடி வளர்ப்பது தன் உரிமை என்று வாதிட்டிருக்கிறார். வுடன் குரலை உயர்த்தவில்லை. கொள்கையில் உறுதியாக இருப்பவர்களைத் தாம் மதிப்பதாகவும், வால்டன் இல்லாதது அணிக்குக் குறையாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். வால்டன் முடியை வெட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். முடியின் நீளத்துக்கெல்லாம் விதி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிதானத்தை.

கத்துவதைப் பற்றி நீங்களே குறிப்பிட்டதால் சொல்கிறேன். 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் வுடனின் பயிற்சிகளை உட்கார்ந்து பார்த்து, அவர் பேசியதை எல்லாம் குறித்துக்கொண்டார்கள். பதிவான 2,326 கற்பித்தல் செயல்களில் பாராட்டு ஏறத்தாழ 7 விழுக்காடு. அதிருப்தியும் அதே அளவுதான். நான்கில் மூன்று பங்கு வெறும் தகவல்: எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும். ஒரு நாள் உங்கள் பயிற்சியை ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். 'கவனம் எங்கே இருக்கிறது?' என்ற வகைச் சொற்களைக் கழித்துவிட்டு, 'இடது காலை முன்னே வை', 'ஸ்கிரீன் (எதிரணி வீரர் வழிமறித்து நிற்பது) வருவதை உரக்கச் சொல்' என்பது போன்றவை எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, பந்தைத் தராத சிக்கல். நாற்பது நிமிட ஆட்டத்தில் களத்தில் பத்துப் பேர், பந்து ஒன்று; சராசரியாகப் பார்த்தால் ஒருவர் கையில் அது இருப்பது நான்கு நிமிடம்கூட இல்லை. மீதி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைக் காணொளியில் அவரைத் தனியாக உட்காரவைத்துக் காட்டுங்கள். பந்து கைவிட்டுப் போனதும் இடுப்பில் கைவைத்து மூன்று புள்ளிக் கோட்டருகே நிற்கிறாரா, அவரைத் தடுக்க வேண்டிய எதிரணி வீரர் கவலையின்றி உள்ளே போய் இன்னொருவரை மறிக்கிறாரா என்பதை, ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டு முறை ஓட்டிக் காட்டினாலே போதும். சுயநலம் என்று நீங்கள் பேச ஆரம்பித்தால் அவர் காதை மூடிக்கொள்வார். பயிற்சியில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடாமல் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடவிடுங்கள். பந்தை நகர்த்த பாஸ் ஒன்றே வழி என்றானபின், காலியிடம் தேடி ஓடாதவருக்குப் பந்தே வராது. வட கரோலினாப் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் டீன் ஸ்மித், கூடையில் போட்டவர் பாஸ் தந்தவரை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும் என்று பழக்கியிருந்தார். பார்வையாளர் முன்னிலையில் நன்றி சொல்லப் பழகியவர் பந்தைப் பதுக்கத் தயங்குவார்.

நிர்வாகத்தின் நெருக்கடி மெய்யானது. 1948-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் பொறுப்பேற்ற வுடனுக்கு முதல் தேசியப் பட்டம் 1964-இல்தான் கிடைத்தது. டியூக் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த மைக் ஷெஷெவ்ஸ்கி முதல் மூன்று பருவங்களில் 38 ஆட்டங்களில் வென்று 47-இல் தோற்றும், பொறுப்பில் நீடித்து ஐந்து பட்டங்களை வென்றார். இன்று அத்தகைய பொறுமை அரிது. 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர் ஒரு பருவம் ஆடாமல் காத்திருக்கத் தேவையின்றி வேறு கல்லூரிக்கு மாறலாம் என்றானபின், பயிற்சியாளரும் வீரரும் அவசரப்படுகிறார்கள். ஆகவே நிர்வாகம் கேட்கும்வரை காத்திராமல், பருவத் தொடக்கத்திலேயே நீங்கள் எவற்றை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்: வீணாக்கிய பந்துகள், எதிரணிக்கு விட்டுக்கொடுத்த எளிய லே-அப்கள் (கூடைக்கு அருகே ஓடிவந்து போடும் பந்துகள்), வீரர்களின் தேர்வு முடிவுகள். தோல்விகளுக்கு நடுவிலும் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.

தொழில் ஒத்துவருமா என்ற கேள்விக்கு இப்போதே விடை தேட வேண்டாம், நீங்கள் களைத்திருக்கிறீர்கள். கத்துவதைக் குறைத்து ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். அதன் பிறகும் பயிற்சிக்குக் கிளம்பும்போதே மனம் கனத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது அதைப் பற்றிப் பேசலாம்.