இரட்சிக்கப்பட்டவர்களைப் பிசாசு பிடிக்குமா? விடுதலை ஜெபத்துக்குப் போய்வந்தும் ஏன் மறுபடி அதே நிலை?

கேள்வியோடு இருந்த விவரம் சுருக்கமாக: குடும்பம் சில வருடங்களுக்கு முன் கிறிஸ்தவத்துக்கு வந்தது. அக்காவுக்கு அவ்வப்போது உடம்பு முறுக்கிக்கொள்கிறது, குரல் மாறுகிறது, வேறு யாரோ போலப் பேசுகிறார். பிசாசு துரத்தும் விடுதலை ஊழியர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். வந்து ஒரு வாரம் நன்றாக இருக்கிறார், அப்புறம் பழையபடி. பரம்பரைச் சாபம் இருக்கிறது, அதை முறிக்க ஏழு வாரம் வர வேண்டும், மாத்திரையை நிறுத்த வேண்டும் என்கிறார்களாம். ஜெபித்த எண்ணெயும் வாங்கச் சொல்கிறார்கள். போகலாமா?

முதலில் மாத்திரை. நிறுத்தியிருந்தால் இன்றைக்கே அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனநோய் மாத்திரையாக இருந்தாலும் இப்படி நிறுத்தக் கூடாது. ஜெபிக்கிறவருக்கு விசுவாசம் எவ்வளவு இருந்தாலும் மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கிடையாது. வேதம் அப்படி ஓர் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னவுடன் "அப்போ பிசாசே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன், அசுத்த ஆவிகள் உண்டு என்று நம்புகிறவன். ஆனால் மத்தேயு 4:24-ஐப் பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவந்தவர்களின் பட்டியலில் பிசாசுபிடித்தவர்கள் தனி, சந்திரரோகிகள், அதாவது வலிப்பு நோயாளிகள், தனி, திமிர்வாதக்காரர் தனி. மூன்று பேரையும் அவர் சொஸ்தமாக்கினார், ஆனால் மூவரையும் ஒரே கணக்கில் எழுதவில்லை. மத்தேயு 17-இல் சந்திரரோகி என்று தகப்பன் சொன்ன பையனிடமிருந்து பிசாசு புறப்பட்டதே என்று கேட்கலாம். ஆமாம், அந்தப் பையனுக்கு அப்படி. அதை வைத்து எல்லா வலிப்பும் பிசாசு என்றால் 4-ஆம் அதிகாரத்தை அடித்துவிட வேண்டியிருக்கும்.

கத்தோலிக்க சபையைப் பேயோட்டுகிற சபை என்று சினிமா பார்த்துப் பலர் நினைக்கிறார்கள். 1614-இல் வந்த ரோமன் சடங்கு நூல் பேயோட்டும் குருவுக்குச் சொல்லும் ஆரம்ப விதிகளிலேயே, ஒருவருக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்று இருக்கிறது. 1999-இல் அந்தச் சடங்கைத் திருத்தினார்கள், எச்சரிக்கையை எடுக்கவில்லை. திருச்சபைச் சட்டம் 1172-இன்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் இதைச் செய்ய முடியாது. நம் ஊர்க் கூட்டங்களில் மைக் பிடித்த எவரும் செய்கிறார்.

சரி, விசுவாசியைப் பிசாசு பிடிக்குமா? இதில் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. அந்நிய பாஷை, தெய்வீக சுகம் எல்லாவற்றையும் நம்புகிற அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையே, மறுபடி பிறந்தவருக்குள் பிசாசு குடியிருக்க முடியாது என்று 1972-இல் எழுத்து மூலமாகச் சொல்லியிருக்கிறது. வேறு பல விடுதலை ஊழியர்கள், முழுதாகப் பிடிக்காது, ஆனால் ஒரு பகுதியைக் கட்டி வைக்கும் என்பார்கள். என் புரிதல் முதல் பக்கம். "உலகத்திலிருக்கிறவனிலும் உங்களிலிருக்கிறவர் பெரியவர்" என்று யோவான் எழுதுகிறார், கொலோசெயர் 1:13 இருளின் அதிகாரத்திலிருந்து நாம் ஏற்கெனவே விடுதலையானதாகச் சொல்கிறது. தேவ ஆவி தங்கும் வீட்டுக்கு இன்னொரு சொந்தக்காரன் வர முடியாது.

வெளியிலிருந்து ஒடுக்குவது வேறு விஷயம். சாத்தான் யோபுவை ஒடுக்கினான். பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள், "சாத்தானுடைய தூதன்" என்றே அதற்குப் பெயர் கொடுக்கிறார். மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது போகவில்லை. யாரும் பவுலிடம் வந்து "உமக்குள் ஆவி இருக்கிறது, இன்னும் ஏழு வாரம் வாரும்" என்று சொல்லவும் இல்லை. கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்". உங்கள் அக்காவைக் கூட்டிப் போன இடத்தில் இந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வருகிறது என்றீர்களே, அதைப் பற்றி இயேசுவே பேசியிருக்கிறார். லூக்கா 11:24 முதல் 26 வரை. அசுத்த ஆவி ஒருவனை விட்டுப் போகிறது, வறண்ட இடங்களில் அலைகிறது, திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி ஜோடித்திருக்கிறது. மத்தேயு எழுதும்போது இன்னொன்றையும் சேர்க்கிறார்: வீடு வெறுமையாக இருந்தது. உடனே தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டி வந்து குடியேறுகிறது. அந்த மனுஷனுடைய பின்னிலைமை முன்னிலைமையிலும் அதிகக் கேடு. துரத்தியது சரியாக நடக்கவில்லை என்று இயேசு அங்கே சொல்லவில்லை. வீட்டில் யாரும் குடிவரவில்லை, அதுதான் கோளாறு. விடுதலைக் கூட்டங்கள் பெரும்பாலும் துரத்துவதில் தொடங்கி துரத்துவதிலேயே முடிகின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பத் துரத்த வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் வுர்ட்டம்பெர்க் பகுதியில் மொட்லிங்கன் என்று ஒரு சின்ன ஊர். யோஹான் கிறிஸ்டோஃப் ப்ளூம்ஹார்ட் என்ற லுத்தரன் போதகர் 1838-இல் அங்கே போனார். அதற்கு முன் பாசல் மிஷன் பள்ளியில் ஆசிரியர், மங்களூருக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே பாசல் மிஷன். சபையில் கோட்லீபின் டிட்டஸ் என்ற ஏழைப் பெண். அவள் வீட்டில் இரவில் சத்தங்கள், அவளுக்கு வலிப்பு மாதிரி இழுப்புகள், வேறு குரல்கள். ப்ளூம்ஹார்ட் ஓடிப் போய்க் கையை வைக்கவில்லை. தயங்கினார், ஒதுங்கியே இருந்தார். போனபோதும் தனியாகப் போகாமல் ஊர்த் தலைவர் போன்றவர்களைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டே போனார். 1842-இல் ஒரு நாள் அவள் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, பிசாசு என்ன செய்கிறான் என்று போதுமான அளவு பார்த்துவிட்டோம், இனி இயேசு என்ன செய்கிறார் என்று பார்ப்போம் என்று சொல்லி, அவளையே கை கூப்பி ஜெபிக்க வைத்தார். அதன் பிறகும் ஒன்றரை வருடத்துக்கு மேல் போராட்டம். 1843 டிசம்பர் 28 அதிகாலையில் அவளுடைய சகோதரி கட்டரீனா வழியாக "இயேசுவே ஜெயங்கொண்டவர்" என்ற அலறல் வந்தது, அத்தோடு முடிந்தது.

எனக்கு முக்கியம் அதற்கு அப்புறம் நடந்தது. சில நாளில், 1844 புத்தாண்டை ஒட்டி, ஊர்க்காரன் ஒருவன் போதகர் வீட்டுக் கதவைத் தட்டி வந்து தன் பாவங்களை அறிக்கையிட்டான். பிறகு இன்னொருவன், பிறகு வரிசையாக ஊரே. திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள், பகையாளிகள் ஒப்புரவானார்கள். சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் கோயிலுக்கு வந்தார்கள். கோட்லீபின் ப்ளூம்ஹார்ட் குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்தாள். 1852-இல் அவர்கள் பாட் பொல் என்ற இடத்துக்குப் போனபோது கூடவே போனாள், கல்யாணமும் செய்துகொண்டாள். மேடை ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்து அவளை வைத்துக் கூட்டம் சேர்க்கவில்லை. சபை மேலிடம் கேட்டதால் 1844-இல் ப்ளூம்ஹார்ட் அறிக்கை எழுதிக் கொடுத்தார், அது வெளியே போனதில் அவருக்கு விருப்பமே இல்லை.

அவள் நோயை ஹிஸ்டீரியா என்று சொன்ன மருத்துவர்கள் பின்னாளில் உண்டு. அந்த அறிக்கையில் எனக்கு ஒட்டாத பகுதியும் இருக்கிறது. செத்துப்போனவர்கள் என்று சொல்லிக்கொண்ட குரல்களோடு ப்ளூம்ஹார்ட் பேசியிருக்கிறார்.

நம் ஊரில் இந்தப் பேச்சுதான் நிகழ்ச்சியே. "உன் பேர் என்ன? எங்கே பிடிச்ச? எப்ப போவ?" என்று மைக்கை வாயருகே நீட்டுவார்கள். கிணற்றில் விழுந்து செத்தவள், தூக்குப் போட்டுக்கொண்டவன் என்று பதில் வரும். சில நேரம் பக்கத்து வீட்டுக்காரி வைத்த செய்வினை என்றும் வரும், அத்தோடு இரண்டு குடும்பம் ஜென்மப் பகை. கிராமத்துப் பேய் என்பது செத்தவர்களின் ஆவி. வேதத்தில் பிசாசு செத்த மனிதன் இல்லை. மனிதன் ஒரே தரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்படைவதும் நியமிக்கப்பட்டிருக்கிறது என்கிறது எபிரெயர் 9:27, நடுவில் புளியமரத்தில் தங்குவதற்கு இடமில்லை. ஆக அந்தக் குரல் சொல்வது ஒன்று நோயாளியின் மனதிலிருந்து வருகிறது, அல்லது பொய்க்குப் பிதாவான சாத்தானிடமிருந்து. இரண்டில் எதுவானாலும் அதை நம்பிப் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகக் கூடாது. கல்லறைகளில் திரிந்த ஒருவனைப் பிடித்திருந்த லேகியோன் என்ற ஆவிக் கூட்டத்திடம் இயேசு ஒரு தரம் பேர் கேட்டார். கப்பர்நகூம் ஜெபஆலயத்திலோ "நீ பேசாமல் இவனை விட்டுப் புறப்பட்டுப் போ", அவ்வளவுதான்.

லேகியோன் கதையிலும் கடைசிக் காட்சியைக் கவனியுங்கள். கல்லறைகளில் கத்திக்கொண்டு திரிந்தவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். இயேசுவோடே இருக்க வேண்டும் என்று கெஞ்சுகிறான். அவர் சம்மதிக்கவில்லை, உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடம் போ என்று அனுப்புகிறார். தன்னிடம் வாராவாரம் வரவழைக்கவில்லை.

மொட்லிங்கனுக்கு மறுபக்கமும் ஜெர்மனியில்தான் நடந்தது. அனலீஸ் மிகேல் என்ற கல்லூரி மாணவிக்குப் பள்ளி வயதிலேயே வலிப்பு, மருத்துவமும் நடந்தது. ஆயரின் அனுமதியோடு 1975 செப்டம்பரிலிருந்து இரண்டு குருக்கள் 67 தடவை பேயோட்டும் சடங்கு செய்தார்கள். அவள் சாப்பாட்டை ஒதுக்கினாள், யாரும் மருத்துவரைக் கூப்பிடவில்லை. 1976 ஜூலை 1 அன்று 23 வயதில் பட்டினியால் செத்துப்போனாள், எடை 30 கிலோ சுமார். 1978-இல் பெற்றோருக்கும் குருக்களுக்கும் ஆறு மாத நிறுத்திவைத்த தண்டனை. முறைப்படி அனுமதி வாங்கிய இடத்திலேயே இந்தக் கதி. உங்களைக் கூப்பிடுகிற இடத்தில் கேள்வி கேட்க ஓர் ஆயர்கூட இல்லை.

பரம்பரைச் சாபம் பற்றி. யாத்திராகமம் 20-ஐக் காட்டுவார்கள், பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பது. எசேக்கியேல் 18-ஐக் காட்ட மாட்டார்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிற்று என்ற பழமொழியை இனி இஸ்ரவேலில் சொல்லவே கூடாது என்று கர்த்தர் ஆணையிட்ட அதிகாரம் அது. கலாத்தியர் 3:13 கிறிஸ்து நமக்காகச் சாபமாகி மீட்டுக்கொண்டார் என்கிறது. ஏழு வாரத்தில் முறிப்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? குடிப்பழக்கம், அடிக்கிற பழக்கம் தலைமுறையாக வருவது உண்மைதான். அதற்கு மனந்திரும்புதலும் நல்ல ஆலோசனையும் வேண்டும். தாத்தா எந்தக் கோயிலில் ஆடு வெட்டினார் என்ற விசாரணை வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. அக்காவை நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலும் பேசலாம். இழுப்பு வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் மருத்துவருக்கு அது ரொம்ப உதவும். யாராவது கட்டி வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது எதற்கும் வேதத்தில் ஓர் வசனம்கூட இல்லை.

கூடவே ஜெபமும் நடக்கட்டும், ஆனால் உங்களை அறிந்த உள்ளூர்ச் சபையில். சபைப் போதகரான ஐயரும் ஐயரம்மாவும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசட்டும். அக்காவிடம் எல்லாரும் ஆவியைப் பற்றியே கேட்டிருப்பீர்கள். அவருக்கு என்ன துக்கம், யார் மேல் கசப்பு, எதற்குப் பயம் என்று யாராவது கேட்டார்களா? எபேசியர் 4-இல் பிசாசுக்கு இடம் கொடாதிருங்கள் என்ற வசனம் வருகிற இடம் பேயோட்டும் இடமில்லை. கோபத்தோடு தூங்கப் போகாதே, பொய்யை விடு, திருடுகிறவன் இனித் திருடாமல் வேலை செய்யட்டும் என்ற வரிகளுக்கு நடுவில்தான் வருகிறது. பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் பிசாசு துரத்துவதற்கு முறை எதுவும் எழுதிவைக்கவில்லை. சர்வாயுதவர்க்கம், அதாவது தேவன் தரும் முழுப் போர்க்கவசம், உண்டு, அதுவும் சத்தியம், நீதி, விசுவாசம், வசனம், ஜெபம் என்று தினசரிச் சமாச்சாரங்கள். அக்காவுக்குத் தெளிவான நேரத்தில் தினமும் ஒரு சங்கீதம் சேர்ந்து வாசியுங்கள். சபையில் அவருக்கென்று ஒரு சின்ன வேலை கிடைக்கட்டும், பாடகர் குழுவோ ஞாயிறு பள்ளியோ. "பேய் பிடிச்ச பொண்ணு" என்று பார்க்கிற கண்கள் மாற அதுவும் ஒரு வழி.

எண்ணெய் கேட்டீர்கள். யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்கச் சொல்கிறது, அவர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். நீங்கள் பஸ் ஏறிப் போய் பாட்டில் வாங்கி வரச் சொல்லவில்லை. வீட்டிலிருக்கிற தேங்காயெண்ணெய் போதும்.