குளிர்நாட்டுச் சிறுவர்களும் கோல்ஃப் ஆட்டமும்

கேள்வி: டைகர் வுட்ஸ், பில் மிக்கல்சன் இருவரும் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடா மாநிலங்களிலிருந்தும் முன்னணி வீரர்கள் பலர் வருகிறார்கள். ஆண்டு முழுவதும் வெளியில் ஆட முடிகிற ஊரில் வளர்ந்தால்தான் கோல்ஃபில் உச்சத்தை எட்ட முடியுமா?

பதில்: வெயில் பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த வசதி ஆட்டத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து.

பந்தை நெடுந்தூரம் அனுப்ப மட்டையை முழுவீச்சில் சுழற்றும் ‘ஸ்விங்’கைக் கூரையின் கீழ் நின்றும் பழகலாம். நார்வேயின் ஆஸ்லோவில் 1997-இல் பிறந்த விக்டர் ஹோவ்லண்ட், பனிக்காலங்களில் உள்ளரங்கிலேயே பயின்று, 2018-இல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்றார். பந்தை அடிக்கும் திறனில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், 2020-இல் புவேர்ட்டோ ரிக்கோ ஓப்பனை வென்று, அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் வெற்றிபெற்ற முதல் நார்வே வீரரான அன்றே, குழியைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டப்பட்ட ‘கிரீன்’ பகுதிக்கு அருகிலிருந்து அடிக்கும் ‘சிப்’ அடியில் தாம் படுமோசம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

இதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. செயற்கைப் புல்விரிப்பில், பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே மட்டை தரையில் பட்டாலும், அது வழுக்கிச் சென்று பந்தை ஒழுங்காகவே அடித்துவிடும். ஆடுபவருக்குத் தம் பிழை தெரியாது. அதே பிழை ஈர மண்ணில் நேர்ந்தால் மட்டை புதைந்து, பந்து சில அடி நகர்ந்து நின்றுவிடும். புல்லின் அடர்த்தி, அது சாய்ந்திருக்கும் திசை, தரையின் ஈரம் ஆகியவற்றைக் கை தானாக உணர்வதற்கு மண்ணில் நின்று அடித்த பழக்கமே வேண்டும். மிக்கல்சனுக்கு அது வீட்டுக் கொல்லையில் தந்தை அமைத்த கிரீனிலேயே கிடைத்தது.

எனினும், ‘மேஜர்’ எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்களை வென்ற ஜாக் நிக்லாஸ், பனி பொழியும் ஒஹாயோவில் குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆடி வளர்ந்தவர். பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில் 72 வெற்றிகள் கண்ட ஆனிகா சோரன்ஸ்டாம் ஸ்வீடன் நாட்டவர். சிறுவயதில் டென்னிஸிலும் சிறந்து விளங்கினார். அவர் அரிசோனாவிலும், ஹோவ்லண்ட் ஓக்லஹோமாவிலும் கல்லூரியில் சேர்ந்து, சிறுவயதில் கிடைக்காத வெயிலை இளமையில் தேடிக்கொண்டார்கள். தம் சிப் அடியைப் பின்னாளில் பாடுபட்டுத் திருத்திக்கொண்ட ஹோவ்லண்ட், 2023-இல் பிஜிஏ டூரின் பருவப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையை வென்றார்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் மக்கள்தொகையில் அமெரிக்காவின் முதல் மூன்று மாநிலங்கள். அங்கிருந்து வீரர்கள் அதிகம் வருவதில் வெயிலின் பங்கு எவ்வளவு என்பதை, மக்கள் எண்ணிக்கையின் பங்கைக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும்.