டொக்டரைக் கேளுங்கள்: ஓடும்போது விழுகிற பிள்ளை

கேள்வி: ஐயா, மகளுக்கு 13 வயது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்துவிட்டாள். கை கால் இழுத்தது, கொஞ்ச நேரத்தில் எழும்பித் தண்ணி கேட்டாள். போன வருசம் குளத்தில் நீந்தும்போதும் இப்படித்தான், வலிப்பு என்று மருந்து எடுத்தோம். இப்போது பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு ‘கியூடி நீளம், பொற்றாசியம் சம்பந்தப்பட்ட பரம்பரை அலகில் பிழை இருக்கலாம்’ என்கிறார்கள். இளநீர், வாழைப்பழம் கூடுதலாகக் கொடுத்தால் சரிவருமா?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: இளநீர் தாராளமாகக் கொடுங்கள் தங்கச்சி, ஆனால் இந்த வருத்தத்துக்கு அது மருந்தில்லை. அவர்கள் சொன்னது இரத்தத்தில் பொற்றாசியம் குறைவு என்றல்ல, இதயக் கலங்களை விட்டுப் பொற்றாசியம் வெளியே போகிற வழி மந்தம் என்று. ஒவ்வொரு துடிப்புக்கும் சோடியமும் கல்சியமும் கலத்துக்குள்ளே வரும், பிறகு பொற்றாசியம் வெளியே போனால்தான் கலம் ஆறி அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இரணைமடுக் குளத்துத் துருசை, அதாவது தண்ணியைத் திறந்துவிடுகிற மதகை, நினைத்துக்கொள்ளுங்கள். 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிற கேசிஎன்கியூ1 என்ற பரம்பரை அலகு துருசைக் கட்டுகிறது, 21ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிற கேசிஎன்ஈ1 அந்தத் துருசை எவ்வளவு மெதுவாக, எவ்வளவு தூரம் திறப்பது என்று பார்த்துக்கொள்கிற ஆளை அனுப்புகிறது. அந்த ஆள் 129 அமினோ அமிலங்கள் மட்டும் கொண்ட சின்னஞ்சிறு புரதம்தான், ஆனால் அவர் இல்லாவிட்டால் துருசு ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டில் எதில் பிழை வந்தாலும் இதயம் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். ஈசிஜியில் கியூடி, அதாவது கீழறைகள் துடித்து ஆற எடுக்கிற நேரம், நீள்வது அதனால்தான்.

சும்மா இருக்கும்போது வராமல் ஓடும்போதும் நீந்தும்போதும் ஏன் வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விசயமே அதில்தான் இருக்கிறது. ஓடும்போது அதிரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இந்த வழிதான் இன்னும் அகலமாகத் திறந்து கலத்தைக் கெதியாக ஆற்றவேண்டும். அது முடியாதபோது முந்தின துடிப்பு ஆறுமுன் அடுத்தது வந்து விழுந்து, கீழறைகள் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கும், மூளைக்கு இரத்தம் போகாது, பிள்ளை விழும், கை கால் இழுக்கும். பல தடவை அது தானாகவே அடங்கிவிடுவதால் பிள்ளை எழும்பித் தண்ணி கேட்கும், பார்த்தவர்கள் வலிப்பு என்பார்கள், சிலர் நேர்த்திக்கடன் வைப்பார்கள். அடங்காவிட்டால் உயிர் போகும். என்னைக் கேட்டால், ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென்று பயந்தபோதோ விழுந்த எந்தப் பிள்ளைக்கும் வலிப்பு என்று முடிவெடுக்குமுன் ஒரு ஈசிஜி எடுத்தே ஆகவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் எடுக்கிற சோதனைதானே.

அதிரினலினின் வேகத்தை இதயத்தில் அடக்குகிற புரொப்ரனொலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்து தருவார்கள். மயக்கம் வரவில்லையே என்று ஒருநாளும் அதை நிறுத்தவேண்டாம், பிள்ளைக்கு மூச்சிழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலிப்பு மருந்தையும் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். குளத்தில் தனியாக இறங்க விடாதீர்கள், ஓட்டப்போட்டி இப்போதைக்கு வேண்டாம். விழுந்து மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள், பக்கத்தில் நிற்கிறவர் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கட்டும்.

அப்புறம், வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் உங்கள் இருவருக்கும் ஈசிஜி எடுக்கவேண்டும். தாய் தகப்பனில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஈசிஜி சாதாரணமாக இருந்தும் பிழையைச் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று இறந்தவர்கள், தண்ணியில் போனவர்கள் யாராவது இருந்தால் அதையும் டொக்டருக்குச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் எல்லாச் சாவுக்கும் யுத்தத்தையே காரணம் சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: மச்சாளைத்தான் முடித்தேன். மூத்த மகனுக்குப் பிறப்பிலேயே காது கேட்காது, இப்போது ஏசினால் மயங்கி விழுகிறான். நடிக்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்.
– ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தகப்பன்

பதில்: நடிப்பு என்று விடாதீர்கள், இந்தக் கிழமையே ஈசிஜி எடுங்கள். மேலே சொன்ன அதே இரண்டு பரம்பரை அலகுகளும் உட்காதுத் திரவத்துக்குப் பொற்றாசியம் அனுப்புகிற வேலையையும் செய்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் பிழையானால் காதும் கேட்காது, இதயமும் தாளம் தப்பும். 1957இல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரண்டு டொக்டர்மார் நோர்வேயில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள்: ஆறு பிள்ளைகளில் நான்கு பேருக்குக் காது கேட்காது, மயக்கமும் வரும், அதில் மூன்று பேர் திடீரென்று இறந்துபோனார்கள். சொந்தத்துக்குள் முடிக்கும்போது ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்புக் கூடும். அதற்காக இப்போது மனைவியைக் குறைசொல்லி என்ன, உங்கள் பங்கும் பாதி. மகனுக்குக் காது கேளாமைக்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் மயக்கமும் சேர்ந்துவிட்டதால் பார்க்காமல் இருக்கக்கூடாது.

கேள்வி: கியூடி நீளம் உள்ளவர் பார்மசியில் மருந்து வாங்கலாமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: சொல்லாமல் வாங்கக்கூடாது. சத்திக்குத் தருகிற டொம்பெரிடோன், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், புளுகொனசோல், மனநோய்க்கான ஹலோபெரிடோல் எல்லாம் பொற்றாசியம் போகிற வழியை அடைத்து கியூடியை மேலும் நீட்டக்கூடியவை. வயிற்றோட்டத்தில் பொற்றாசியம் இறங்கினாலும் ஆபத்து, அப்போது மட்டும் இளநீரும் ஜீவனியும் உண்மையிலேயே உதவும், ஆனால் ஓட்டம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வருத்தத்தின் பெயரை ஒரு மட்டையில் எழுதிப் பேர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே வருத்தம்தான், ஆனால் ஓடினால் ஒன்றுமில்லை. வெடிச்சத்தம் கேட்டால் விழுகிறேன், ஏன்?
– கிளிநொச்சி

பதில்: அது பெரும்பாலும் கேசிஎன்எச்2 என்ற வேறொரு அலகின் பிழை, 7ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு பொற்றாசிய வழிதான். திடீர்ச் சத்தம் அதற்கு ஆகாது. அலாரம் மணிக்கூட்டைத் தலைமாட்டிலிருந்து எடுங்கள், போனைச் சத்தம் குறைத்து வையுங்கள். செத்தவீட்டு ஊர்வலத்தில் வெடி கொளுத்துகிற பெடியளிடம் சொல்லி நிறுத்த முடியாது, நீங்கள் முன்னாலேயே விலகி நில்லுங்கள்.