முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளியில் முள் வந்தது ஏன்?

கேள்வி: முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளி என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட மடல்களைத் தீவனத்துக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் நட்டேன். செடிகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. இந்தக் கோடையில் சில மடல்களில் வெள்ளை முட்கள் தென்படுகின்றன. பழத்திலிருந்து விதை எடுத்து முளைக்க வைத்த நாற்றுகள் அனைத்திலும் மயிர் போன்ற முட்கள் இருக்கின்றன. நிலத்து வேலியில் தானாக வளர்ந்த முள் கள்ளியும் உண்டு. அதன் மடல்களில் இப்போது வெள்ளைப் பஞ்சு போல ஏதோ படிந்திருக்கிறது. வேலிக் கள்ளியோடு கலந்து என் செடியின் இனம் மாறிவிட்டதா? இதை மாடுகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் நட்ட செடியின் இனம் மாறவில்லை, மாறவும் முடியாது. பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்து விழுந்தாலும் அதனால் உருவாகும் மாற்றம் விதைக்குள் இருக்கும் கருவோடு நின்றுவிடும். தாய்ச்செடியின் மடலையோ முள்ளையோ அது தொடாது. ஆகவே மடல்களில் வந்த முள்ளுக்கு ஒரு காரணமும், நாற்றுகளில் வந்த முள்ளுக்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் உங்களுக்கு இந்தக் கலக்கம் வந்திருக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் கள்ளி என்று பொதுவாகச் சொல்வதில் இரு வேறு குடும்பங்கள் அடங்கியிருக்கின்றன. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை எங்கே ஒடித்தாலும் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலைத் தரும், கால்நடைகளுக்கும் ஆகாது. சப்பாத்திக்கள்ளியோ கற்றாழைக்கும் சொந்தமில்லாத, சதுரக்கள்ளிக்கும் சொந்தமில்லாத, அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மடலை வெட்டினால் பால் வராது. வெண்டைக்காயை நறுக்கும்போது வருவதைப் போன்ற நிறமற்ற வழுவழுப்பான கூழ்தான் வரும். மாட்டுக்குப் போடுமுன் இந்த ஒரு சோதனையை எவரும் செய்துவிடலாம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் நட்டிருப்பது உங்கள் விவரிப்பின்படி ஒபன்ஷியா ஃபைகஸ் இண்டிகா என்ற இனம். 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டினார். இனப்பெயரில் இந்தியா இருந்தாலும் செடியின் தாயகம் மெக்சிகோ. அந்நாளில் ஐரோப்பியர் அமெரிக்காவையும் இந்தியத் தீவுகள் என்றே குறிப்பிட்டு வந்ததன் மிச்சம் அது. மெக்சிகோ மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக முள் குறைந்த, பழம் பெருத்த செடிகளையே தேர்ந்தெடுத்து மடல் வைத்துப் பெருக்கி வந்ததில் உருவானதுதான் இந்தச் சாகுபடி இனம். முள் உள்ள வகைகளும் முள்ளற்ற வகைகளும் இந்த ஒரே இனத்துக்குள் அடக்கம். முள் இல்லை என்பது இந்த இனத்தின் அடையாளம் அன்று. மனிதர் தேர்ந்து காத்த ஒரு தன்மை மட்டுமே என்பதை மனத்தில் கொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும்.

மடலை இலை என்று நினைக்கிறோம், அது தண்டு. இலை செய்ய வேண்டிய வேலையைத் தண்டே ஏற்றுக்கொண்டு, தட்டையாகி, பச்சையாகி, நீரைச் சேமிக்கும் தொட்டியாகவும் ஆகியிருக்கிறது. உண்மையான இலையைப் பார்க்க வேண்டுமானால், புதிதாகத் துளிர்க்கும் விரல் நீள மடலைப் பாருங்கள். அதன் மேல் முழுவதும் சிறு கொம்புகள் போன்ற பச்சைக் கூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதாம் இலைகள். மடல் விரியத் தொடங்கிய சில வாரங்களில் அவை காய்ந்து உதிர்ந்துவிடும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் கடுகளவு புடைப்பு ஒன்று இருக்கும். இதை முட்கண் என்று சொல்லலாம். வேறு செடிகளில் கணுவிடுக்கில் இருக்கும் மொட்டுக்கு ஒப்பானது இது. முள், சுணை எனப்படும் நுண்ணிய மயிர், புது மடல், பூ, மண்ணில் பட்டால் வேர் என அனைத்தும் இந்த ஒரே புள்ளியிலிருந்துதான் புறப்படும். முள்ளற்ற வகையிலும் முட்கண் இல்லாமல் போவதில்லை. முள்ளை உருவாக்கும் திறன் அங்கே அடங்கிக் கிடக்கிறது, அழிந்துவிடவில்லை.

கடும் வறட்சி, வெப்பம், காயம் போன்ற நெருக்கடிகளில் அந்தத் திறன் சில முட்கண்களில் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. உங்கள் செடிகளில் இந்தக் கோடையில்தான் முள் வந்தது என்று நீங்களே எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. மடலின் விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டையான வெள்ளை முள் ஒன்றிரண்டு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். மழைக்குப் பின் வரும் மடல்கள் பெரும்பாலும் பழையபடி வழுவழுப்பாக வந்துவிடும். ஆனால் ஒரு கிளை முழுவதும் எல்லா முட்கண்களிலும் முள் வந்து, அதிலிருந்து துளிர்த்த அடுத்த மடலிலும் அது தொடர்ந்தால், அந்தக் கிளையை அது பிரியும் மூட்டிலேயே வெட்டி நீக்குங்கள். நடவுக்கு அந்தக் கிளையின் மடலை ஒருபோதும் எடுக்காதீர்கள். நீங்கள் எடுக்கும் மடலின் குணம்தான் நாளைய தோட்டத்தின் குணம்.

நாற்றுகளின் கதை வேறு. இந்தச் செடியின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 11. சாகுபடியில் உள்ள செடிகளில் பெரும்பாலும் அது எட்டு மடங்காகி 88 குரோமோசோம்கள் இருக்கும். இத்தனை பிரதிகள் கலைந்து சேரும்போது, எப்போதோ விடுபட்ட முள் குணம் விதைவழிக் கன்றுகளில் திரும்பிவருவது வியப்பில்லை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் எழுவதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். அவற்றில் ஒன்று மகரந்தச் சேர்க்கையால் வந்ததாகவும், மற்றவை தாயின் திசுவிலிருந்தே உருவாகி அச்சு அசலாகத் தாயைப் போன்றவையாகவும் இருக்கலாம். போதாததற்கு, எல்லா நாற்றுகளும் குழந்தைப் பருவத்தில் இரண்டு வித்திலைகளுக்கு நடுவே உருளை வடிவத் தண்டையே முதலில் விடும். அதில் மென்மையான மயிர் முட்கள் இருப்பது இயல்பு. தட்டை மடல்கள் இரண்டு மூன்று வரும் வரை காத்திருந்தால்தான் எந்த நாற்று தாயின் வழி வந்தது என்று தெரியும். தீவனத் தோட்டத்துக்கு இத்தனை காத்திருப்பு தேவையில்லை என்பது என் கருத்து. விதையை விட்டுவிட்டு மடலையே நடுங்கள்.

இனி வேலிக் கள்ளிக்கு வருவோம். அதை உங்கள் செடியிலிருந்து பிரித்தறிய முள்ளைவிட நம்பகமான குறிகள் உள்ளன. உங்கள் செடி ஆண்டுகள் செல்லச் செல்ல அடித்தண்டு மரம்போல் தடித்து, 3 முதல் 5 மீட்டர் வரை உயரும். அதன் மடல் 30 முதல் 60 செ.மீ. நீளத்தில், சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், மெழுகு பூசியது போலிருக்கும். வேலிகளில் தானாகப் பரவியிருப்பது பெரும்பாலும் நாகதாளி என்று நாம் அழைக்கும் ஒபன்ஷியா டில்லெனை. அது மரமாகாது, இடுப்புக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில் புதராக அடர்ந்து நிற்கும். மடல் சிறியது. முள் மஞ்சளாக, சற்றுத் தட்டையாக, லேசாக வளைந்து, ஒரு முட்கண்ணிலிருந்து பலவாகக் கிளம்பும். உங்கள் செடியில் வரும் முள் வெண்மையானது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பழத்திலும் வேறுபாடு தெளிவு: நாகதாளிப் பழம் சிறியது, பழுத்தால் தோலும் சதையும் கருஞ்சிவப்பு, தொட்ட கை சிவந்துவிடும். உங்கள் செடியின் பழம் முட்டை வடிவில் 5 முதல் 10 செ.மீ. நீளத்தில், வகைக்கேற்ப மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அல்லது வெளிர்பச்சையாக இருக்கும்.

பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் செடியின் அழகும் அறிவும் அதில்தான் வெளிப்படுகின்றன. முந்தைய ஆண்டு மடலின் மேல் விளிம்பில் மஞ்சள் பூக்கள் வரிசையாக அமரும். ஒரு பூ பெரும்பாலும் ஒரு பகல் மட்டுமே விரிந்திருக்கும், வாடும்போது ஆரஞ்சாகும். காலையில் விரிந்த பூவுக்குள் ஒரு துரும்பை விட்டு மகரந்தத் தாள்களை மெல்ல வருடிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான தாள்கள் நடுவிலுள்ள சூல்தண்டை நோக்கி ஒன்றாகச் சாய்ந்து மூடும். தேனீ உள்ளே நுழையும்போதும் இதுவே நடக்கிறது. மகரந்தம் அதன் உடலெங்கும் ஒட்டிக்கொள்கிறது. பூவிதழ்களுக்குக் கீழே பச்சையாகத் தெரியும் பகுதி காம்பு அன்று. மடல் திசுவுக்குள் புதைந்த சூல்பை. பழத்தின் தோலும் உண்மையில் தண்டின் திசுவே. அதனால்தான் பழத்தின் மேலும் முட்கண்களும் சுணையும் இருக்கின்றன. காயை மண்ணில் புதைத்தால் சில வேளைகளில் அதுவும் வேர்விட்டு மடல் விடுகிறது. சதைக்குள் 100 முதல் 400 வரை கடினமான விதைகள் இருக்கும்.

சுணையை எச்சரிக்கையாகக் குறிப்பிட விரும்புகிறேன். முள் கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். சுணை என்பது முட்கண்ணில் கொத்தாக இருக்கும், முனையில் பின்னோக்கிய கொக்கிகள் கொண்ட நுண்ணிய மயிர். முள்ளற்ற வகையிலும் இது முற்றிலும் இல்லாமல் போவதில்லை. பழத்தில் நிச்சயமாக இருக்கும். தோலில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் ஒடிந்து உள்ளே தங்கும். ஒட்டும் நாடாவை அழுத்திப் பிரித்தெடுங்கள். காற்று அடிக்கும் நேரத்தில் பழம் பறிப்பதைத் தவிருங்கள், கண்ணில் விழும்.

மழையில்லாமலும் இந்தச் செடி நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அதன் சுவாசத் துளைகள் இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்வதுதான். இரவில் உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் வெளிச்சம் வந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு உணவு தயாரிக்கிறது. இளமடலின் உட்சதையை விடியற்காலையில் ஒரு துண்டு சுவைத்தால் நன்கு புளிக்கும். மாலையில் அதே செடியின் மடலில் புளிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தீவனத்துக்குப் பிற்பகலில் அறுப்பது நல்லது என்பது இதனால்தான். வேர்கள் பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணிலேயே பல மீட்டர் தூரம் படர்ந்திருக்கும். சிறு தூறலையும் பிடித்துக்கொள்ளும். இதே காரணத்தால் நீர் தேங்கினால் அழுகிவிடும். உப்பு நீரையும் இது தாங்காது. வறட்சியைத் தாங்கும் செடி எதையும் தாங்கும் என்று எண்ணி உவர் நிலத்தில் நட்டு ஏமாறாதீர்கள்.

மாடுகளுக்குக் கொடுக்கலாம், தனித் தீவனமாகக் கொடுக்கக் கூடாது. மடலில் 85 முதல் 90 சதவீதம் நீர். 100 கிலோ பச்சை மடலில் சுமார் 10 கிலோ உலர்பொருளும், அதில் ஏறத்தாழ அரைக் கிலோ புரதமும்தான் இருக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுதி என்றாலும், பெரும்பகுதி ஆக்சலேட் படிகமாகக் கட்டுண்டு கிடப்பதால் மாட்டுக்கு முழுமையாகக் கிட்டாது. நார் குறைவு, அதனால் அதிகம் தின்றால் கழிச்சல் வரும். துண்டுகளாக நறுக்கி, வைக்கோல் அல்லது உலர் தட்டையோடு கலந்து, முதல் வாரம் சிறிதளவில் தொடங்குங்கள். உலர் எடைக் கணக்கில் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். புரதக் குறையைப் பயறுவகைத் தழையாலோ பிண்ணாக்காலோ ஈடுசெய்யுங்கள். முள் வந்த மடல்களை வீணாக்க வேண்டாம். தீயில் வாட்டி முள்ளும் சுணையும் கருகியபின் கொடுக்கலாம். வாட்டாமல் கொடுத்தால் வாயும் நாக்கும் புண்ணாகும்.

கடைசியாக, வேலியில் கண்ட வெள்ளைப் பஞ்சு. அதில் ஒரு துளியைத் துணியில் வைத்து நசுக்குங்கள். இரத்தச் சிவப்பாகச் சாறு வந்தால் அது கோசினீல் பூச்சி. சாறுறிஞ்சும் செதில் பூச்சி வகையைச் சேர்ந்தது. இதில் பல இனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த கள்ளியைத் தேடிச் செல்லும். 1795-இல் சாயம் எடுக்கலாம் என்று எண்ணி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கோசினீல், விரும்பிய சாயப் பூச்சியாக இல்லாமல் வேறோர் இனமாக அமைந்தது. அது ஒபன்ஷியா மோனகாந்தா என்ற கள்ளியை அழித்தது, நாகதாளியை விட்டுவிட்டது. நாகதாளியை ஒடுக்க 1926-இல் இன்னோர் இனத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற அந்த இனம்தான் உங்கள் வேலியில் இருப்பதாகக் கருத இடமுண்டு. இதே இனம் மொராக்கோவிலும் பிரேசிலிலும் உங்கள் செடியின் இனத்தைப் பெருமளவில் அழித்திருப்பதால் அலட்சியம் கூடாது. குஞ்சுகள் காற்றில் மிதந்து பரவும். வேலியிலிருந்து தோட்டத்தின் பக்கம் நீளும் பாதிக்கப்பட்ட மடல்களை வெட்டி ஆழக் குழியில் புதையுங்கள். மண்மேல் போட்டால் பூச்சியும் பரவும், மடலும் வேர்விடும். தோட்டத்துச் செடிகளில் முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்தவுடன் அழுத்தமாக நீர் பாய்ச்சிக் கழுவி, சோப்புக் கரைசலைப் பஞ்சு நனையும்படி தெளியுங்கள். பஞ்சு போலத் தெரியும் மெழுகு உறை நீங்கினால்தான் கரைசல் பூச்சியின் உடலைத் தொடும். வாரம் ஒருமுறை மடல்களின் நிழல் விழும் பக்கத்தையும் மூட்டுகளையும் பாருங்கள், அது முதலில் குடியேறுவது அங்கேதான். வேலியில் பயன்படுத்திய அரிவாளைக் கழுவாமல் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.